அளவுகோலின் ரத்தம்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம். பழகிவிட்டது. அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றைக்கே நானும் இனிப்பை நிறுத்திவிட்டேன். ஒரே வீட்டில் ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டிருக்க, இன்னொருத்தி இனிக்க இனிக்கக் குடிப்பது நன்றாக இருக்காது. "வியாதி எனக்குத்தானேடி, நீ ஏன் பத்தியம் இருக்கே?" என்று அக்கா திட்டினாள். திட்டினாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களில்தான் அன்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை இன்றைக்கும் மாறவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். இந்தக் காவல் நிலையத்தில் யாரும் என்னிடம் அதட்டிப் பேசவில்லை, நாற்காலி கொடுத்து உட்காரவைத்துத்தான் கேட்கிறீர்கள். அதனால் முழுதாகவே சொல்கிறேன். நடுவில் நான் அழாமல் இருந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாகவே எதுவும் உள்ளே போய்ப் படுவதில்லை.

முதலில் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் காலை வேலை எப்படித் தொடங்கும் என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

கண் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்தான் எங்கள் கூடம். முன்னால் ரத்தம் எடுக்கும் அறை, பின்னால் இயந்திர அறை. நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியாகக் குழாய்களை நீட்டுவோம். காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தைப் போடுவதற்கு முன்னால், இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்கென்று தயாரித்த திரவம் புட்டியில் வரும். அதோடு எங்களிடம் ஒரு பழைய வழக்கமும் உண்டு. ஊழியர்களில் நோய்நொடி இல்லாத ஒருவருடைய ரத்தத்தையும் போட்டுப் பார்ப்போம். அவருக்கு எப்போதும் வரும் எண் வந்துவிட்டால் இயந்திரத்தை நம்பலாம்.

அந்த ஒருவர் நான். என் ரத்தம் வருடக்கணக்கில் ஏறாமல் இறங்காமல் அப்படியே இருந்தது. அதனால் கூடத்தில் எனக்கு 'அளவுகோல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரத்தம் எடுக்கும் அறையில் இருந்த நர்ஸ் தினமும் ஜன்னலில் தலையை நீட்டுவாள்.

"அளவுகோல் வந்தாச்சா? மெஷின் பசியோட காத்துக்கிட்டிருக்கு."

"வந்துட்டேன், இரு."

"கோவமே வராதவங்க ரத்தம் இப்படித்தான் இருக்கும்போல. என்னோடதைப் போட்டா மெஷின் புகைஞ்சிடும். ஏன்னு கேட்டா என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லு."

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. கையை நீட்டும்போது ஒவ்வொரு நாளும் மனதுக்குள் ஒரு வரி வேண்டிக்கொள்வேன். இன்றைக்கு வரும் எல்லாருக்கும் நல்லபடியாக இருக்கட்டும் என்று. அந்த வேண்டுதலைச் சொல்லாமல் நான் ஒரு நாளும் வேலையைத் தொடங்கியதில்லை. அக்காவின் குழாயை மாற்றிய நாட்களிலும் சொன்னேன்.

எங்கள் கண் டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால், அதாவது புண்ணோ வீக்கமோ வெளியே தெரியாமல் புகைந்துகொண்டிருந்தால், ரத்தத்தில் சில புரதங்கள் கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களில் யாருக்கு இந்தப் புரதங்கள் கூடுகின்றனவோ, அவர்களுக்குத்தான் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் சீக்கிரம் கசியத் தொடங்குகின்றனவா? அதுதான் அவருடைய கேள்வி. அக்காவும் அவளைப் போன்ற பலரும் அதில் சேர்ந்திருந்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து இரண்டு குழாய் ரத்தம் கொடுப்பார்கள். சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரைக்கு. மஞ்சள் மூடிக் குழாய் அழற்சிக்கு. அழற்சி எண் கூடினால் அந்த வாரமே கூப்பிட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து, விழித்திரையைப் படம் எடுப்பார்கள். கூடாவிட்டால் வழக்கமான வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தால் போதும். மஞ்சள் குழாயில் மிஞ்சியதை ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிடுவோம், பிற்பாடு வேறு எதையாவது அளக்க வேண்டியிருந்தால் எடுக்கலாம் என்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணுக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது யாரும் முடிவாகச் சொல்லிவிடவில்லை. என்னைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதிக்கொள்வது நியாயம்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். அவள் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அப்பா, அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் அவள் வேனைத் துடைப்பாள், நான் அவளுடைய மாத்திரைகளை எடுத்து வைப்பேன். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. வேனில் ஏறும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பாள். போக்குவரத்துக் காவலரிடம்கூட, "என்னங்க இன்னைக்குக் கை வலிக்குதா, பாதிதான் தூக்குறீங்க" என்பாள். சர்க்கரை ஏறி இறங்கினாலும் அவள் மனசு ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை.

முதல் தடவை நடந்தது ஓர் உதவி. இதை நீங்கள் நம்ப வேண்டும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தில் அக்காவின் மஞ்சள் குழாய் விரிசல் விட்டுச் சிந்திவிட்டது. அவள் அதற்குள் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டாள். மறுபடி ஒருநாள் வெறும் வயிற்றோடு, அரக்கப்பரக்க வரச் சொல்ல வேண்டும். பாவமாக இருந்தது. என் காலைக் குழாயில் மிச்சம் இருந்தது. அதை ஊற்றி, அவள் பெயரை ஒட்டி வைத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது. எண் குறைவாக வந்தது. வரத்தானே செய்யும், அது நான்தானே.

அன்று மாலை அக்கா வேன் சாவியைச் சுற்றிக்கொண்டே வந்தாள்.

"டாக்டரம்மா போன் பண்ணாங்கடி. என் ரத்தம் பளிங்கு மாதிரி இருக்காம்."

"நல்லதுதானே."

"உங்க மெஷின்கிட்ட சொல்லு, இந்த மாதிரி பொய்யையே அடிக்கடி சொல்லச் சொல்லி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில் எனக்கும் சந்தோஷம். ஒரு சின்ன நன்மை எவ்வளவு தூரம் போகிறது என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

அடுத்த முறை அவள் ரத்தம் கொடுப்பதற்கு முந்தின வாரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த மெக்கானிக் இருக்காருல்ல."

"ஏன், வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

எனக்கு உடனே புரியவில்லை. அவளுடைய வேனைப் பழுது பார்ப்பவரைத்தான் சொன்னாள். மனைவியை இழந்தவர், அமைதியானவர். பட்டறையில் அக்கா உட்காருவதற்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துத் தனியாக வைத்திருப்பார். அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"இந்த வயசுலதான் தைரியம் வருது. இருபதுல எங்க வந்துச்சு? ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு பாத்துக்கிட்டிருக்காரு. வர்ற ஞாயித்துக்கிழமை நீயும் வா, உனக்கு ஒண்ணு காட்டணும்."

நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது. நான் பார்க்காத வீட்டில் அவள் எங்கே உட்காருவாள், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாள் என்று யோசித்தபடி கிடந்தேன். அவள் அன்று மாலை திரும்பி வந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, விளக்கை அணைத்துவிடு என்றேன். அணைத்துவிட்டு என் நெற்றியில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

அந்த வாரம் அவள் ரத்தத்தை நானே எடுத்தேன். அளவுகோலுக்கு உரிய இடத்தில், பெயர் இல்லாமல், அவளுடையதை முதலில் போட்டுப் பார்த்தேன். எண் என்னுடையதைப்போல் பல மடங்கு இருந்தது. இரண்டாவது தடவையும் போட்டேன். அதே எண். அவளுக்குச் சளி இல்லை, புண் இல்லை, காய்ச்சல் இல்லை. உள்ளே எங்கோ புகைந்துகொண்டிருந்தது.

கையில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று அவள், ஒன்று நான். அவளுடையதை அனுப்பினால் டாக்டரம்மா கூப்பிட்டுப் படம் எடுப்பார். ஏதாவது தெரிந்தால் உடனே வைத்தியம் தொடங்கும். தொடங்கினால் சரியாகிவிடும். சரியானவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். அதோடு, கல்யாணச் சந்தோஷத்தில் இருப்பவளை எதற்கு இப்போது பயமுறுத்த வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும்தான் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள், அது எனக்குத் தெரியவில்லை. ஒட்டுச்சீட்டை அவள் குழாயிலிருந்து உரித்து என் குழாயில் ஒட்டினேன். அவளுடையதைக் கழிவுப் பெட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். சாம்பல் குழாயைத் தொடவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்கு வீட்டிலேயே தெரியும், அது மாறினால் கேள்வி வரும். மஞ்சள் குழாய் மட்டும்தான்.

வருடாந்திரக் கண் பரிசோதனை ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. சொட்டு மருந்து விட்டால் அன்று முழுதும் கண் கூசும், வேன் ஓட்ட முடியாது. அக்காவுக்குப் பதிலாள் தேடுவது பெரிய தலைவேதனை. "ரத்தம்தான் சுத்தமா இருக்கே அக்கா, இந்த வருஷம் விட்டுடலாமே" என்றேன். "ஏன்டி, நீயே சொல்றியா?" என்று கேட்டாள். "நான் சொல்றேன்" என்றேன். அவள் டாக்டரம்மாவை நம்பியதைவிட என்னைத்தான் நம்பினாள். அது எனக்கு எப்போதும் பெருமையாக இருந்தது.

இடையில் ஒன்று நடந்தது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. ஆனாலும் சொல்கிறேன்.

எனக்கு ஒரு கடைவாய்ப்பல் சீழ் பிடித்தது. ஈறு வீங்கிக் கன்னம் வரைக்கும் ஏறியது. அப்படி இருந்தால் அழற்சி எண் கூடும். கூடியது. காலையில் இயந்திரத்தில் என் ரத்தத்தைப் போட்டபோது எண் எகிறி நின்றது. நர்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன அளவுகோலே கோணிப்போச்சு?" என்றாள். பல் என்று சொன்னேன்.

மறுநாள் அக்கா ரத்தம் கொடுக்க வேண்டும். என்னுடையதை மாற்றி வைத்தாலும் அன்று எண் கூடித்தான் வரும். டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டுப் படம் எடுத்திருப்பார். நான் செய்ததை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது. அவள் கண் பிழைத்திருக்கும், என் பெயரும் பிழைத்திருக்கும். கடவுள் இதைவிடச் சுலபமாக ஒரு கதவைத் திறந்துவிட முடியாது. ஒரு பல் வலி, அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது.

அக்காவிடம், இயந்திரம் பழுது, அடுத்த வாரம் வந்தால் போதும் என்று சொன்னேன். பல் மருத்துவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டேன். அக்கா எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, ஆறவைத்து, ஸ்பூனால் ஊட்டினாள். "இவ்ளோ பெரிய பொம்பளைக்கு ஊட்டுறேன் பாரு" என்று கேலி செய்தாள். வீக்கம் வடிந்தது. என் எண் பழைய இடத்துக்கு இறங்கியது. அதன் பிறகு அவளை வரச் சொன்னேன்.

அவளுக்குக் கண் இருட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் மங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். மங்கினால் வேன் ஓட்ட முடியாது. வேன் இல்லாவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் இருப்பாள். இவ்வளவுதான் என் கணக்கு. இருட்டை நான் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு அக்கா கண்ணைக் கசக்கத் தொடங்கினாள். கொசு பறக்கிறது என்பாள், அறையில் கொசு இருக்காது. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வேனின் இடது பக்கம் தூணில் உரசிவிட்டது. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக் வந்து கதவை நிமிர்த்தினார். அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் முதல் தடவையாக வந்தார். என்னைப் பார்த்து, "இனிமே என்னை மாமான்னு கூப்பிடலாம், கட்டாயமில்ல" என்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். "அந்தத் தூணு நேத்தும் அங்கதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. இன்னைக்கு நகந்து வந்து முட்டிடுச்சு" என்றாள் அக்கா.

"விளையாடாதீங்க. இடது பக்கம் சரியாத் தெரியுதா இல்லியா? ஒரு தடவை கண்ணைக் காமிச்சுடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை நான் சொல்வதற்காகக் காத்திருந்தது.

"போன மாசம்தானே ரத்தம் பாத்தோம். சுத்தமா இருக்கு. வயசானா இப்படிப் பூச்சி பறக்கிற மாதிரி தெரியும்" என்றேன்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா சரிதான். இதுலயே இருக்கிறவங்க" என்றார். அவர் குரலில் மரியாதைதான் இருந்தது. அதற்கு அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூட வாசலில் அவரே வந்து நின்று, வேன் உள்ளே திரும்பும்போது கையைக் காட்டினாராம். பட்டறையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு வந்தாராம். இதை எனக்குப் பிற்பாடுதான் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு மத்தியானம், பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு வந்துகொண்டிருந்தபோது, அவள் இடது கண்ணுக்குள் யாரோ மை கொட்டியதுபோல் ஆனது. சற்று நேரத்தில் வலது கண்ணிலும் சிவப்பாக நூல் நூலாக இறங்கியது. தட்டுத்தடுமாறி ஓரமாக நிறுத்திவிட்டாள். பக்கத்துக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் தண்ணீரைக் கொடுத்து, ஆள் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தாராம். அவள் போன் பண்ணச் சொன்னது மெக்கானிக்குக்கு. எனக்கு இல்லை.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கசிந்த குழாய்களுக்கு மேல் புதிதாக முளைத்த குழாய்கள் உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் நிரம்பியிருந்தது. இடது கண்ணில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. "இவ்ளோ தூரம் வந்திருக்கு, ரத்தத்துல ஒண்ணுமே காட்டலியே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் தோளைத் தொட்டார். "மனசை விட்றாதீங்க" என்றார்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை.

கல்யாணத்தை அக்காவே வேண்டாம் என்றாள். "கண்ணு தெரியாதவளை அவர் தலையில கட்டி வைக்கிறதா, நல்லாருக்கா?" என்றாள். மெக்கானிக், "என் தலை, நான் பாத்துக்கிறேன்" என்றார். அவள் கேட்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம், "நான் செஞ்சது சரிதானே?" என்றாள். "சரிதான் அக்கா" என்றேன்.

அதன் பிறகு வந்த காலத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் என் வாழ்க்கையில் நிம்மதியான காலம். காலையில் அவளுக்குத் தலை வாருவேன், செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். எந்தப் புடவை என்று நிறம் சொல்வேன். வேலை முடிந்து கதவைத் திறந்ததும், "வந்துட்டியா?" என்ற குரல் கேட்கும். பட்டப்பெயர் வைக்கப் பிள்ளைகள் இல்லாததால் நாற்காலிக்கும் கதவுக்கும் பெயர் வைத்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். கொஞ்சம் அதிகமாகத் தூங்கினாள். அக்கம்பக்கத்தில் என்னை உதாரணமாகச் சொன்னார்கள். கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று.

கண்டுபிடித்தது டாக்டரம்மாதான். அக்கா ஒருத்திதான் அவருடைய ஆய்வுக்கு இடித்துக்கொண்டு நின்றாள். எண் கூடாமலே கண் போனவள். இந்த எண்ணை நம்ப முடியாதுபோல, இதை வைத்து மற்றவர்களைக் கூப்பிடுவதையே நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். நிறுத்துவதற்கு முன்னால், ஆழ்குளிர்ப் பெட்டியில் இருந்த அக்காவின் மிச்சக் குழாய்களை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று சர்க்கரையையும் அளக்கச் சொன்னார். அன்றன்றைக்கு எடுத்த சாம்பல் குழாயில் சர்க்கரை அதிகம். அதே நாள், அதே கையிலிருந்து எடுத்ததாக இருந்த மஞ்சள் குழாயில் சர்க்கரை நோயே இல்லை. ஏறாமல் இறங்காமல் ஒரே எண்ணில் நிற்கும் அந்த ரத்தம் யாருடையது என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் மறுக்கவில்லை. கேட்டதும் ஆமாம் என்றேன்.

அக்காவுக்கு டாக்டரம்மாதான் சொன்னார். அவள் நேற்று இங்கே வந்திருந்தாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெக்கானிக்கின் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, என் பக்கம் என்று நினைத்து, சுவரைப் பார்த்துப் பேசினாள். நான் நகர்ந்து அவள் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதுவும் ஒரு சின்ன உதவிதான்.

"தனியா இருக்கப் பயமா இருந்துச்சாடி?" என்று கேட்டாள்.

நான் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டேனே. உனக்கும் சேத்துத்தான் அந்த வீடு. ஜன்னல் பக்கத்து அறை உனக்குன்னு வெச்சிருந்தோம். நீ வேலைக்குப் போற பஸ்ஸு வாசல்லயே நிக்குதான்னு இவர் மூணு நாள் நின்னு பாத்தாரு. வந்து பாத்திருக்கலாமே."

 போகும்போது மெக்கானிக் அவளுக்குச் செருப்பை எடுத்துக் காலுக்கு நேராக வைத்தார். பிறகு, அங்கே கிடந்த என் செருப்பையும் ஓரமாக ஒதுக்கி வைத்தார், யார் காலிலும் இடறாமல் இருக்கட்டும் என்று.

அந்த அறையைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருந்திருக்கும் என்று. எனக்கு ஏதாவது வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலிக்கவில்லை. அவள் அப்போதே அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றியது. விளக்கை அணைக்காமல் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். என் அக்காவின் ரத்தத்தில் நோய் ஏறுவது எனக்குத் தெரியும். கண்ணைத்தான் அது தின்னும் என்றும் தெரியும். தெரிந்தே மாற்றினேன், ஒவ்வொரு தடவையும். என்னை யாரும் தூண்டவில்லை. நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தால் கொஞ்சம் பார்வை திரும்பலாம் என்று டாக்டரம்மா சொல்கிறாராம். அதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். அக்காவின் நரம்பு வழுக்கும், புது ஆட்கள் குத்திக் குத்திப் பார்ப்பார்கள், பாவம், அவளால் தாங்க முடியாது. அன்றைக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் எடுத்துக் கொடுக்கிறேன். வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். இத்தனை வருடத்தில் என் கையால் அவளுக்கு ஒரு தடவைகூட வலித்ததில்லை.